எச்4 ஹெட்லைட் வெளிச்சம் போதவில்லை: எல்.இ.டி.யா, 100/90 பல்பா, ரிலே கிட்டா?

இரவுச்சாலை:
வணக்கம். என் காரில் ரிஃப்ளெக்டர் வகை ஹெட்லைட், எச்4 பல்பு, 60/55 வாட் (ஹை பீம் 60, லோ பீம் 55). ஒன்பது வருஷம் ஓடின வண்டி. லோ பீம் போட்டா ரோடு மங்கலா பழுப்பு நிறத்துல தெரியுது. மழையில ஓரக்கோடே கண்ணுக்குத் தெரியல. ஹை பீம் பரவாயில்ல, ஆனா அதுவும் புதுசா இருந்த மாதிரி இல்ல.

மூணு வழி சொல்றாங்க:
1. எல்.இ.டி. பல்பு, 6000 கெல்வின் (வெள்ளை நிறம்), பெட்டியில "20,000 லூமென்"னு (மொத்த ஒளி அளவு) போட்டிருக்கு.
2. 100/90 வாட் ஹாலோஜன்.
3. "130% கூடுதல் வெளிச்சம்" வகை, ஆனா அதே 60/55 வாட்.

எதுக்கும் வயரிங்ல கை வைக்காம, பல்பை மட்டும் மாத்தி முடிக்க முடியுமா? எதிர்ல வர்றவங்க கண்ணைக் கூசவைக்கக் கூடாது, அது முக்கியம்.

ரிலே87:
பல்பு வாங்குறதுக்கு முன்னாடி ஒரு மல்டிமீட்டர் எடுங்க. பத்து நிமிஷ வேலை.

இன்ஜினை ஓடவிட்டு லோ பீம் போடுங்க. முதல்ல பேட்டரி முனைகள்ல வோல்ட் பாருங்க. அப்புறம் பல்பு கப்ளர் (பல்புக்குப் பின்னாடி மாட்டுற வயர் பிளக்) மாட்டியிருக்கிற நிலையிலேயே, அதோட பின்பக்கம் வயர் உள்ளே போற இடத்துல ஊசி முனையைச் செருகி, லோ பீம் முனைக்கும் பொது முனைக்கும் நடுவுல எவ்வளவு வருதுன்னு பாருங்க. கப்ளரைக் கழட்டி வெச்சு அளந்தா பிரயோஜனம் இல்ல. கரண்ட் ஓடாதப்ப எல்லா வயரும் முழு வோல்ட் காட்டும். லோடு இருக்கும்போதுதான் குறை தெரியும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்னா, ஹாலோஜன் பல்போட வெளிச்சம் வோல்ட்டுக்கு நேர் விகிதத்துல ஏறி இறங்குறது இல்ல. ஏறக்குறைய வோல்ட்டோட 3.4-ஆம் அடுக்குக்கு (பவர்) ஏத்தபடி மாறுது. வோல்ட் 10% குறைஞ்சா வெளிச்சம் 30% போயிடும். பழைய கார்கள்ல மொத்த கரண்ட்டும் ஸ்டியரிங்குக்குக் கீழ இருக்கிற ஸ்விட்ச் வழியா, மெல்லிசு வயர்ல போய்த் திரும்பி வருது. வருஷம் ஆக ஆக ஸ்விட்ச் காண்டாக்ட் கருகும், கப்ளர்ல பச்சை பூக்கும்.

பேட்டரிக்கும் பல்புக்கும் வித்தியாசம் 0.5 வோல்ட்டுக்குள்ள இருந்தா வயரிங் சரி. ஒரு வோல்ட்டைத் தாண்டினா எந்தப் பல்பு போட்டாலும் அரை வயித்துக்குச் சோறு போட்டு வேலை வாங்குற கதைதான்.

குவியம்:
மேலே சொன்ன அளவு வரும்வரை, உங்கள் மூன்று வழிகளில் முதலாவதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தவறு அதிகம் நடப்பது அங்கேதான்.

எச்4 பல்பைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். கண்ணாடிக்குள் இரண்டு ஃபிலமென்ட் இருக்கும். முன்னால் இருப்பது லோ பீமுக்கு. அதன் அடியில் படகுபோல ஒரு சின்ன உலோகக் கிண்ணம். ஃபிலமென்ட்டிலிருந்து கீழ்நோக்கிப் போகும் ஒளியை அந்தக் கிண்ணம் தடுத்துவிடுகிறது. அதனால் லோ பீமில் ரிஃப்ளெக்டரின் மேல்பாதிதான் வேலை செய்கிறது. சுவரில் ஒளி விழும்போது மேலே இருட்டு, கீழே வெளிச்சம் என்று ஒரு வெட்டுக்கோடு தெரிகிறதல்லவா, அதை வரைவது இந்தக் கிண்ணத்தின் விளிம்பு. விளிம்பின் ஒரு பக்கம் 15 டிகிரி சாய்ந்திருப்பதால், ஓட்டுபவரின் ஓரப்பக்கத்தில் மட்டும் கோடு மேலே ஏறுகிறது. இடதுபக்கம் ஓட்டும் நாடுகளில் இடதுபக்கம், வலதுபக்கம் ஓட்டும் நாடுகளில் வலதுபக்கம். நடைபாதையும் பலகையும் தெரிவது அந்த ஏற்றத்தால்.

இந்த ஏற்பாடு முழுவதும் ஏறத்தாழ 5 மி.மீ. நீளம், ஒன்றரை மி.மீ. தடிமன் உள்ள ஒரு சுருள் கம்பி சரியான இடத்தில் நிற்பதை நம்பியிருக்கிறது. எல்.இ.டி. பல்பில் அந்தச் சுருளுக்குப் பதில் ஒரு தகடும் அதன் இரு முகங்களில் சிப்புகளும். தகடு 3 மி.மீ. தடிமன் என்றால் ஒளி கிளம்பும் இடம் இரண்டாகப் பிரிந்து விலகிவிட்டது. சிப் வரிசை ஒரு மி.மீ. முன்பின் போனாலே வெட்டுக்கோடு கலைந்து ஒளி மேலே சிதறும். ஓட்டுபவருக்கு எல்லாம் பளிச்சென்று தெரியும், எதிரே வருபவருக்கு எதுவும் தெரியாது.

"20,000 லூமென்" விஷயம்: இந்த வகை எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு 100 லூமென் அளவில் தரும். 20,000 வேண்டுமானால் 200 வாட் இழுக்க வேண்டும். ஹெட்லைட் பின்னால் சுண்டுவிரல் அளவு ஃபேனை வைத்து அந்தச் சூட்டை வெளியேற்ற முடியாது. உண்மையில் இழுப்பது 20 முதல் 25 வாட்தான், வரும் ஒளி 2,000 லூமென் சுற்றி. அதுவும் போட்ட முதல் நிமிடத்தில். சிப் சூடேறியதும், எல்.இ.டி.க்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர் சர்க்யூட் கரண்ட்டைக் குறைத்துவிடும். கடையில் எரியவிட்டுப் பார்ப்பதற்கும் அரைமணி நேரம் ஓட்டிய பிறகு பார்ப்பதற்கும் வித்தியாசம் வருவது இதனால்தான். ஒப்பிடுவதற்கு: விதிப்படி எச்4 ஹாலோஜன் 13.2 வோல்ட்டில் லோ பீமுக்கு 1,000 லூமென், ஹை பீமுக்கு 1,650 லூமென், 15% கூடக்குறைய.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான நாடுகளில், ஹாலோஜனுக்கு அனுமதி பெற்ற ஹெட்லைட்டில் எல்.இ.டி. பல்பு போட்டால் அனுமதி போய்விடும். ஜெர்மனியில் 2020 முதல் சில எல்.இ.டி. பல்புகளுக்கு அனுமதி உண்டு. ஆனால் அதுவும் பட்டியலில் உள்ள கார் மாடல், ஹெட்லைட் எண் இரண்டும் பொருந்தினால் மட்டும். ஒவ்வொரு ஹெட்லைட்டாகச் சோதித்துத்தான் அனுமதிக்கிறார்கள் என்பதே, எல்லாவற்றுக்கும் பொருந்தும் எல்.இ.டி. பல்பு என்று ஒன்று கிடையாது என்பதற்குச் சான்று.

இரவுச்சாலை:
அளந்துட்டேன். பேட்டரியில 14.1. பல்பு கப்ளர்ல இடதுபக்கம் 12.2, வலதுபக்கம் 12.3. கப்ளர் பிளாஸ்டிக் லேசா பழுப்பாகி இருக்கு. ஹெட்லைட் வெளிக் கண்ணாடியும் மேல்பக்கம் மஞ்சள் பூத்திருக்கு. அப்போ 100/90 போட்டா இந்தக் குறையை ஈடுகட்டிடாதா?

ரிலே87:
வேண்டாம். கிட்டத்தட்ட 1.9 வோல்ட் வழியிலேயே போகுது. 100/90 போட்டா கரண்ட் இன்னும் ஏறும், அதே வயர்ல இன்னும் அதிக வோல்ட் விழும். கணக்கைப் பாருங்க: 55 வாட் ரெண்டு பல்புக்கு 8 ஆம்பியர் சொச்சம். 90 வாட் ரெண்டுக்கு 13 ஆம்பியருக்கு மேல. இப்பவே பழுப்பாகியிருக்கிற கப்ளர் உருகும். அதை ரிலே கிட் (பல்புக்குப் பேட்டரியில இருந்தே நேரா கரண்ட் கொடுக்குற தனி வயரிங்; பழைய ஸ்விட்ச் ரிலேவை மட்டும் இயக்கும்) போட்டுச் சமாளிச்சாலும் ரிஃப்ளெக்டர் தாங்காது. உள்ளே இருக்கிறது பிளாஸ்டிக் மேல ஆவியாக்கிப் படியவெச்ச மெல்லிசு அலுமினியப் பூச்சு. பல்புக்கு நேர் மேல உள்ள இடம் முதல்ல மங்கும், அப்புறம் கொப்பளிக்கும். அது போச்சுன்னா ஹெட்லைட்டையே மாத்தணும், துடைச்சுச் சரி பண்ண முடியாது.

உங்களுக்கு வேண்டியது ரிலே கிட்தான். 12.2 வோல்ட்ல எரியுற பல்புக்கு 13.7 கொடுத்தா வெளிச்சம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகும், அதே பல்புல. அளவுகள்:

ரிலே ரெண்டு (லோ ஒண்ணு, ஹை ஒண்ணு), 12 வோல்ட், 30 ஆம்பியர், நாலு கால். ஃபியூஸ் ரெண்டு, ஒவ்வொண்ணும் 15 ஆம்பியர், தண்ணி புகாத ஹோல்டர்ல. பேட்டரியில இருந்து ரிலேவுக்கும், ரிலேல இருந்து பல்புக்கும், எர்த்துக்கும் 2.5 சதுர மி.மீ. செம்பு வயர். ரிலே காயிலுக்கு (ரிலேவை இயக்குற சுருள், கால் 85, 86) 0.75 போதும். எச்4 ஹோல்டர் பீங்கான்ல வாங்குங்க.

இணைப்பு: பேட்டரி பிளஸ் → ஃபியூஸ் → ரிலே கால் 30. கால் 87 → ரெண்டு பல்போட லோ முனை. அடுத்த ரிலேவுல அதே மாதிரி ஹை. பல்புகளோட பொது முனை பாடி எர்த்துக்கு. ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள்ள இருக்கணும். ஃபியூஸுக்கு முன்னாடி உள்ள வயர் எங்கேயாவது உரசி பாடியில தொட்டா அதைக் காப்பாத்த எதுவும் இல்ல.

காயில் விஷயத்துல பலர் தப்பு பண்றாங்க. சில கார்ல ஸ்விட்ச் பிளஸ்ஸைக் கொடுக்கும். வேற சில கார்ல, ஜப்பான் மாடல்கள்ல குறிப்பா, பொது முனையில பிளஸ் நிக்கும், ஸ்விட்ச் மைனஸைக் கொடுக்கும். கால் 85-ஐக் கண்ணை மூடிக்கிட்டு எர்த் பண்ணினா ரெண்டாவது வகையில வேலை செய்யாது. அதனால 85, 86 ரெண்டையுமே பழைய கப்ளர்ல இருந்தே எடுங்க: லோ ரிலே காயிலுக்குப் பழைய பொது முனையும் லோ முனையும், ஹை ரிலேவுக்குப் பொது முனையும் ஹை முனையும். ரெண்டு வகைக்கும் ஒத்துவரும். ரிலேவுக்குள்ள டயோடு இருந்தா மட்டும் பிளஸ், மைனஸ் பார்க்கணும். பழைய கப்ளர் ஒரு பக்கத்துல இருந்து எடுத்தாப் போதும். இன்னொரு பக்கத்தை டேப் சுத்தி, தண்ணி படாம கட்டி வெச்சிடுங்க.

புது மாடல் கார் வெச்சிருக்கிறவங்க இதை அப்படியே பண்ணாதீங்க. ஹெட்லைட்டை கம்ப்யூட்டர் துடிப்பு துடிப்பா ஆன்-ஆஃப் பண்ணி வோல்ட்டைக் கட்டுப்படுத்துற வண்டிகள்ல ரிலே படபடன்னு அடிக்கும், டேஷ்போர்டுல பல்பு எச்சரிக்கையும் வரும். அந்த வண்டிகள்ல வயர் இழப்பும் வழக்கமா இருக்காது.

பூச்சு:
மஞ்சள் பூத்த லென்ஸை விட்டுவிடாதீர்கள். பாலிகார்பனேட்டின் மேல் தொழிற்சாலையில் பூசிய புற ஊதாக் காப்பு வெயிலில் சிதைந்ததுதான் அந்த மஞ்சள். அது ஒளியைக் குறைப்பதோடு சிதறடிக்கவும் செய்கிறது; வெட்டுக்கோட்டுக்கு மேலே வெளிச்சம் கசிவதற்கு அது ஒன்றே போதும்.

சுற்றியுள்ள பெயின்ட்டுக்கு மாஸ்கிங் டேப் இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். வாட்டர் பேப்பர் 800, 1500, 2000, 3000 என்று வரிசையாக, எப்போதும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே. ஒரு எண்ணைக் கிடைமட்டமாகத் தேய்த்தால் அடுத்ததைச் செங்குத்தாகத் தேயுங்கள். முந்தைய கீறல் போயிற்றா என்று அப்போதுதான் தெரியும். 800-இல் வழியும் தண்ணீர் முதலில் மஞ்சள் கலந்து ஓடும். அது வெள்ளையாக மாறும்வரை அடுத்த எண்ணுக்குப் போகாதீர்கள். அவசரப்பட்டால் பழைய பூச்சு தீவு தீவாக நின்று, வேலை முடிந்த பிறகு கண்ணை உறுத்தும்.

பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்ததும் புற ஊதாக் காப்பு உள்ள இரு கூறு கிளியர் கோட் இரண்டு கை. இந்தக் கடைசிப் படியை விட்டால் சில மாதங்களில் மறுபடி மஞ்சள், முன்னைவிட வேகமாக, ஏனென்றால் பழைய காப்பையும் நீங்களே எடுத்துவிட்டீர்கள். பற்பசை வைத்துத் தேய்ப்பது சில வாரம்தான் தாங்கும்.

உட்பக்கம் ரிஃப்ளெக்டரில் தூசி இருந்தால் துணி போட்டுத் துடைக்க வேண்டாம். பூச்சு துணியோடு வந்துவிடும். காற்று அடிப்பதோடு நிறுத்துங்கள்.

இரவுச்சாலை:
ரொம்ப நன்றி. ரிலே கிட்டும் லென்ஸும் செய்யறேன். அதுக்கப்புறம் "130%" பல்பு போடலாமா? அது உண்மையிலயே ரெண்டு மடங்குக்கு மேலயா?

குவியம்:
போடலாம், நான் பரிந்துரைப்பதும் அந்த வகையைத்தான். ஆஸ்ராம் நைட் பிரேக்கர், பிலிப்ஸ் எக்ஸ்ட்ரீம்விஷன் போன்றவை. ஆனால் அந்த எண்ணைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அனுமதி பெற்ற பல்பு என்றால் மொத்த லூமென் மேலே சொன்ன 15% வரம்புக்குள்தான் இருக்க வேண்டும். 130% என்பது மொத்த வெளிச்சம் அல்ல. சாலையில் குறிப்பிட்ட ஒரு பகுதியில், விதி கேட்கும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்டு "அதுவரை" என்று போடும் எண். ஃபிலமென்ட்டை இன்னும் குட்டையாக, நெருக்கமாகச் சுற்றி, அதிகச் சூட்டில் எரிய வைக்கிறார்கள். ஒளி கிளம்பும் இடம் சிறுத்ததால் கற்றை கூர்மையாகி, தூரத்தில் கூடுதலாக விழுகிறது. உங்களுக்கு வேண்டியது அந்தத் தூரம்தான்.

விலையாக ஆயுள் குறையும். நீண்ட ஆயுள் வகைப் பல்பு ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் போகும் என்றால் இது சில நூறு மணி நேரம்தான். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், பழைய நல்ல பல்பு ஒன்றை வண்டியிலேயே வைத்திருங்கள். வோல்ட் 14-ஐத் தாண்டிப் பல்புக்கு வருகிறதென்றால் இந்த வகை வேண்டாம், சாதாரண 60/55 போதும்.

நீலம் பூசிய "வெள்ளை" ஹாலோஜனைத் தொடாதீர்கள். ஃபிலமென்ட் கிளப்பும் மஞ்சள், சிவப்பைக் கண்ணாடிப் பூச்சு தடுப்பதால்தான் அந்த வெள்ளை. தடுத்த ஒளி சாலைக்குப் போகவில்லை. மழையில் கோடு தெரியவில்லை என்றீர்கள். ஈரச் சாலையில் விழும் ஒளி கண்ணாடியில் பட்டதுபோல முன்னோக்கிப் போய்விடுவதுதான் காரணம், நிறத்தை மாற்றினால் அது தீராது.

மாட்டும்போது கண்ணாடியை விரலால் தொட வேண்டாம். எண்ணெய்ப்பசை பட்ட இடம் அதிகம் சூடேறி, குவார்ட்ஸ் வெளுத்து வெடிக்கும். தொட்டுவிட்டால் ஆல்கஹாலால் துடையுங்கள். பல்பின் தட்டில் மூன்று காதுகள், ஒன்று மட்டும் அகலம். அது மேல் பள்ளத்தில் முழுதாக உட்கார்ந்த பிறகே ஸ்பிரிங் கிளிப்பைப் போடுங்கள். விரலால் தட்டை அசைத்துப் பாருங்கள், ஆடினால் உட்காரவில்லை. கோணலாக மாட்டிய நல்ல பல்பு, மோசமான எல்.இ.டி.யைப் போலவே கூசும்.

நெடுவழி:
குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். என் காரில் ப்ரொஜெக்டர் (லென்ஸ் வழியாக ஒளியைப் பாய்ச்சும் ஹெட்லைட்), எச்7 பல்பு. ப்ரொஜெக்டரில் எல்.இ.டி. போட்டால் கூசாது என்கிறார்கள், சரியா?

குவியம்:
பாதி சரி. ப்ரொஜெக்டரில் வெட்டுக்கோட்டைப் போடுவது லென்ஸுக்குப் பின்னால் உள்ள உலோகத் தடுப்பு, பல்பு அல்ல. அதனால் கோடு கலையாது, கூச்சமும் குறைவு. ஆனால் கோட்டுக்குக் கீழே ஒளி எங்கே குவிகிறது என்பது இன்னும் சிப் நிற்கும் இடத்தைப் பொறுத்ததுதான். பல பல்புகளில் வண்டிக்கு முன்னால் 15 மீட்டர் வரை பகல்போல வெளிச்சமும் அதற்கப்பால் பழைய ஹாலோஜனைவிடக் குறைவும் வரும். பக்கத்தில் வெளிச்சம் கூடினால் கண்மணி சுருங்கும், தூரத்து இருட்டு இன்னும் இருட்டாகும். ஓட்டும்போது "நல்ல வெளிச்சம்" என்றே தோன்றும், அதுதான் ஆபத்து.

சிப்புகள் இடம், வலம் பார்த்து நிற்க வேண்டும், மேல்-கீழாக அல்ல. பின் மூடியைத் திறந்தே விடாதீர்கள், ஈரமும் தூசியும் போகும். ஃபேன் மூடிக்குள் அடங்கி, சுற்றிக் காற்று நகர இடம் இருக்க வேண்டும். ரேடியோ இரைந்தால் டிரைவர் பெட்டியின் வயரில் ஃபெரைட் வளையம் போடுங்கள். சட்டம் பற்றி மேலே சொன்னது இதற்கும் பொருந்தும்.

பூச்சு:
பல்பு, லென்ஸ், கிட் எதை மாற்றினாலும் கடைசியில் உயரம் பார்க்க வேண்டும். டயர்க் காற்று சரியாக, ஓட்டுபவர் இடத்தில் ஒருவர் உட்கார்ந்து, வண்டிக்குள் இருக்கும், ஹெட்லைட் உயரத்தை மாற்றும் லெவல் உருளை 0-வில். சமதளத்தில், சுவருக்கு 10 மீட்டரில் வண்டி. ஹெட்லைட்டின் நடுப்புள்ளி உயரத்தைச் சுவரில் டேப்பால் குறியுங்கள். ஹெட்லைட் உடம்பிலோ பானட்டுக்கு அடியிலோ 1.0% அல்லது 1.2% போல அச்சிட்டிருக்கும். 1% என்றால் வெட்டுக்கோட்டின் தட்டையான பகுதி குறிக்குக் கீழே 10 செ.மீ. லைட் 70 செ.மீ. உயரத்தில் இருந்தால் அந்தக் கற்றை 70 மீட்டரில் தரையைத் தொடும். கோடு குறிக்கு நேராக வந்துவிட்டால் தரையைத் தொடவே தொடாது, எதிரே வருபவர் கண்ணுக்குத்தான் போகும். ஒரு லைட்டை அட்டையால் மறைத்து, மற்றதன் உயரத் திருகைத் திருப்புங்கள்.

இரவுச்சாலை:
கிட் மாட்டியாச்சு, லென்ஸும் ஆச்சு. பேட்டரியில 14.0. பல்புல வலதுபக்கம் 13.6 வருது, ஆனா இடதுபக்கம் 12.9-தான். ஒரே ரிலே, ஒரே வயர். எங்க போகுது?

ரிலே87:
பிளஸ் பக்கம் ஒண்ணா இருந்தா மிச்சம் எர்த்தான். லைட் எரியும்போது ஒரு முனையைப் பேட்டரி மைனஸ்ல, இன்னொண்ணை இடது பல்போட பொது முனையில வெச்சுப் பாருங்க. 0.1-க்குள்ள வரணும். 0.6, 0.7 காட்டினா, எர்த் ரிங்கை (எர்த் வயர் முனையில இருக்கிற வளையம்) பெயின்ட் மேலேயே முடுக்கியிருக்கீங்க. போல்ட்டைக் கழட்டி, ரிங் உட்காருற இடத்தைப் பளபளன்னு உலோகம் தெரியுற வரை சுரண்டுங்க. ரிங் கிரிம்ப்பையும் இழுத்துப் பாருங்க. முடுக்கினதுக்கு அப்புறம் மேல கிரீஸ் தடவுங்க, முன்னாடியே தடவாதீங்க. மறுபடி 0.1-க்கு மேல வந்தா அந்த வயரை நேரா பேட்டரி மைனஸுக்கே கொண்டுபோயிடுங்க.